பிறர் துயரத்தை எழுதும்போது

1979 செப்டம்பர் 16-ஆம் தேதி நான்கு சட்ட ஆசிரியர்கள் சேர்ந்து இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்பவை அந்த நால்வரின் பெயர்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பற்றிய வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் இருவரையும் விடுவித்து உச்ச நீதிமன்றம் முந்தைய ஆண்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதை எதிர்த்து எழுதிய கடிதம் அது. எஸ்.சி.சி. என்று வக்கீல்கள் சொல்லும் ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ தொகுப்பில், 1979-ஆம் ஆண்டின் நான்காம் தொகுதியில், ஜர்னல் பகுதியின் 17-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. மனித உரிமைச் சட்ட இதழுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டும், எப்படி எழுதுவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம், முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். சட்டம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் அதைவிட நல்ல பாடம் இல்லை.

சம்பவம் நடந்தது 1972 மார்ச் 26 இரவு. செஷன்ஸ் நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி கிளை 1976-இல் அந்தத் தீர்ப்பை மாற்றித் தண்டனை கொடுத்தது. 1978 செப்டம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சிறுமியின் உடம்பில் காயம் இல்லை, அதனால் அவள் எதிர்க்கவில்லை, அதனால் இசைந்திருக்கிறாள் என்கிற வழியில் போனது தீர்ப்பு. இதைப் படித்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். அந்த நால்வருக்கும் கொதித்திருக்கிறது, கடிதத்தில் அது தெரிகிறது. ஆனால் கோபம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்திலேயே ஓர் ஆதாரம் நிற்கிறது. அவளுடைய வயது, ஏழ்மை, இரவு நேரம், காவல் நிலையத்தின் பூட்டிய கதவு, போலீஸ் என்றாலே ஏழைகளுக்குள் இருக்கும் பயம் எல்லாவற்றையும் வழக்கின் பதிவிலிருந்தே எடுத்து வைத்து, இவற்றை ஏன் கணக்கில் கொள்ளவில்லை என்று கேட்கிறார்கள். பயந்து அடங்கிப்போவது வேறு, மனமொத்து இசைவது வேறு என்பதைச் சட்டத்தின் மொழியிலேயே நிறுவுகிறார்கள்.

அதில் ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்ட விரும்புகிறேன். அதே 1978-இல், இந்தத் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்னால், நந்தினி சத்பதி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், பெண்களை விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு அழைப்பது தவறு என்று சொல்லியிருந்தது. அதை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். கடிதம் எழுதியவர்கள் அந்தத் தீர்ப்பை எடுத்து நீதிமன்றத்தின் முன்னாலேயே வைத்தார்கள். நீங்களே சொன்னதை நீங்களே ஏன் மறந்தீர்கள் என்கிற கேள்வி அது. வெளிநாட்டுத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்பு, சொந்தத் தேதி, அவ்வளவுதான். பதில் சொல்ல முடியாத வாதத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த உதாரணம் நம் நாட்டுச் சட்ட எழுத்தில் குறைவு.

தீர்ப்பு மாறவில்லை. ஆனால் கடிதம் கை மாறிக் கை மாறிப் போனது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு சட்ட ஆணையம் தன் 84-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் மீதான வன்கொடுமை தனிக் குற்றமானது. அப்படிப்பட்ட வழக்கில் தான் இசையவில்லை என்று பெண் சொன்னால் அதையே நீதிமன்றம் அனுமானமாகக் கொள்ள வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் 228-ஏ வந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 72-ஆவது பிரிவு. அந்தப் பாதுகாப்பு வருவதற்குள் அந்தச் சிறுமியின் பெயரே வழக்கின் பெயராகிவிட்டது. பாடப் புத்தகங்கள் இன்றும் அவள் பெயரில்தான் அதைக் குறிக்கின்றன. நான் வகுப்பில் ‘துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு’ என்று மட்டுமே சொல்லிவந்தேன். தீர்ப்பின் தலைப்பு அதுதான். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மனித உரிமைச் சட்டத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், உங்களுக்குப் பதில் எழுத முடியாத ஒரு மனிதர் இருக்கிறார். ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதித் தப்பு வந்தால் உங்கள் பெயர் கெடும், அதோடு போகும். இங்கே தேதி ஒன்று பிசகினாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு, மொத்தமும் கட்டுக்கதை என்று சொல்லும். நஷ்டம் அடைகிறவர் நீங்கள் அல்ல. இதழ்கள் விதிக்கிற சட்டதிட்டங்களைப் பார்த்து, இதென்ன ஆபீஸ் நடைமுறை என்று சலித்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அந்த மனிதரை மனதில் வைத்துப் பாருங்கள். பாதி விதிகள் அவருக்குக் காவலாகத்தான் நிற்கின்றன.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு உள்ளானார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது; அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். 31 ஆண்டு வழக்கு. தமிழ்நாட்டுச் சட்ட மாணவர்கள் பலருக்கும் இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை வருகிறது. வர வேண்டிய ஆசைதான்.

ஆனால் வருகிற வரைவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் தொடங்கும். பிறகு அரசியலமைப்பின் 21-ஆவது உறுப்பு, மேனகா காந்தி வழக்கு, டி.கே. பாசு வழக்கு என்று பத்துப் பக்கம். நடுவில் வாச்சாத்தி இரண்டு பக்கம். கடைசியில், அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு பத்தி. இதழாசிரியர் முதல் பத்துப் பக்கத்தையும் ஆயிரம் முறை படித்தவர். வாச்சாத்திக்கு வந்து சேர்வதற்குள் அவர் மூடி வைத்துவிடுவார்.

ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். கூட்டமாகச் செய்த குற்றத்தில் ஒவ்வொருவரின் பங்கையும் விசாரணை நீதிமன்றம் எப்படி நிலைநாட்டியது? அது ஒரு கேள்வி. 1979-இல் இந்தியா ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை, உரிமை மீறப்பட்டவருக்குப் பயன் தரும் நிவாரணம் வேண்டும் என்கிறது. 31 ஆண்டு கழித்து வருவது அந்த நிவாரணமாகுமா? அது இன்னொரு கேள்வி, இன்னொரு கட்டுரை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அந்த ஏற்புறுதி இருந்திருந்தால் இந்த வழக்கில் எந்தக் கட்டத்தில் என்ன மாறியிருக்கும்? இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிரகடனத்தின் வரலாறு தானாகவே ஓர் அடிக்குறிப்புக்குள் அடங்கிவிடும்.

பெயரை மறைப்பது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெயரை எடுத்துவிட்டு ‘சாட்சி 7’ என்று போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஒரு மலைக் கிராமத்தைப் பற்றிய வரைவில் இப்படி ஒரு வாக்கியம் பார்த்தேன்: ‘அப்போது பதினாறு வயதில் இருந்த, இன்று அங்கன்வாடியில் ஆயாவாக வேலை செய்யும், ஊர்த் தலைவரின் தம்பி மகள்.’ பெயர் இல்லை. ஆனால் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பெயர் மட்டுமல்ல, தூரத்து அடையாளம்கூட வெளியே வரக் கூடாது. அந்த வாக்கியத்தை ‘சம்பவத்தின்போது பதின்வயதில் இருந்த ஒருவர்’ என்று மாற்றச் சொன்னேன். வாதத்துக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. எழுதிய பெண்ணுக்கு, உயிர்ப்பு போய்விடுமே என்று வருத்தம். உயிர்ப்பு உங்கள் கட்டுரைக்கு. அந்த அம்மா அந்த ஊரில் நாளைக்கும் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

நேரில் பேட்டி எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம். உங்கள் பல்கலைக்கழகத்தில் நெறிக்குழு இருந்தால் அதன் ஒப்புதலைப் பேட்டிக்கு முன்பே வாங்குங்கள். நல்ல இதழ்கள் கேட்கின்றன, பின்தேதி போட்டு வாங்க முடியாது. எதற்காகக் கேட்கிறோம், எங்கே அச்சாகும், வேண்டாம் என்றால் எப்போதும் விலகலாம் என்று அவர்கள் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அதற்கும் முன்னால் ஒன்று: நீதிமன்றத்தில் ஏற்கெனவே சொல்லிப் பதிவாகியிருப்பதை மறுபடி அவர்கள் வாயால் சொல்ல வைக்காதீர்கள். தீர்ப்பில் இருப்பதைத் தீர்ப்பிலிருந்து எடுங்கள். அவர்கள் ஏற்கெனவே போலீசிடம் சொல்லி, சி.பி.ஐ.யிடம் சொல்லி, குறுக்கு விசாரணையில் சொல்லிச் சோர்ந்தவர்கள்.

இனி எங்கே அனுப்புவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மனித உரிமைச் சட்ட இதழ்கள் பலவற்றை நடத்துகிறவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழ் 1967 முதலும், ஹார்வர்டின் இதழ் 1988 முதலும் அப்படி நடக்கின்றன. அங்கே ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஓர் இடத்தில் ஏற்றால் மற்ற இடங்களுக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும். ‘ஹியூமன் ரைட்ஸ் குவார்ட்டர்லி’, ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் ‘ஹியூமன் ரைட்ஸ் லா ரிவ்யூ’ போன்றவை துறை அறிஞர்களிடம் மதிப்பாய்வுக்கு அனுப்புகிற இதழ்கள். இவற்றில் ஒரு நேரத்தில் ஓர் இதழ்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டு இடத்திலும் மதிப்பாய்வாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் படித்த பிறகு ஓர் இடத்தில் பின்வாங்கினால், உங்கள் பெயர் அந்தச் சின்ன உலகத்தில் நெடுநாள் நினைவிருக்கும். நம் தேசிய மனித உரிமை ஆணையமும் ஆண்டுதோறும் ஓர் இதழ் வெளியிடுகிறது. எதுவானாலும் அதன் சமீபத்திய இதழ்கள் சிலவற்றை முழுசாகப் படித்துவிட்டு அனுப்புங்கள். அங்கே நடந்துகொண்டிருக்கும் விவாதத்தில் உங்கள் கட்டுரை எந்த இடத்தில் சேர்கிறது என்று அட்டைக் கடிதத்தில் மூன்றே வரியில் சொல்ல முடிய வேண்டும்.

அடிக்குறிப்பு முறை இதழுக்கு இதழ் மாறும். அமெரிக்க இதழ்கள் கேட்பது புளூபுக், 1926-இலிருந்து இருக்கிறது. இங்கிலாந்துப் பக்கம் ஆஸ்கோலா. மாணவர்கள் நடத்தும் இதழ்களில், கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் மூல ஆவணத்தை எடுத்து, நீங்கள் சொன்னது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். தமிழ் நாளேடு, தமிழ் சாட்சியம், உள்ளூர் உண்மை அறியும் குழுவின் அறிக்கை ஆகியவற்றை நீங்கள் மேற்கோள் காட்டினால், அவரால் அவற்றைத் தேடி எடுக்க முடியாது. அதனால் ஆவணத்தின் நகலையும், யார் மொழிபெயர்த்தது என்ற குறிப்பையும் எழுதும்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பெயரை ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி எழுதுங்கள்; ஒரே ஊருக்கு ஒரு கட்டுரைக்குள் மூன்று எழுத்துக்கூட்டல் பார்த்திருக்கிறேன்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறீர்கள். 2023-இல் நியூயார்க்கில் ‘மாட்டா எதிர் அவியாங்கா’ என்ற வழக்கில் வக்கீல்கள் அதைக் கேட்டு எழுதிய மனுவில், உலகத்தில் இல்லவே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நீங்கள் கண்ணால் பார்க்காத தீர்ப்பு உங்கள் அடிக்குறிப்பில் இருக்கக் கூடாது. இன்னொருவர் கட்டுரையில் பார்த்த மேற்கோளை மூலத்தைத் திறக்காமல் எடுத்துப்போடுகிற பழக்கம் அந்த இயந்திரத்துக்கு முன்பிருந்தே நம்மிடம் உண்டு. இரண்டும் ஒன்றுதான். உதவி வாங்கியிருந்தால் இதழின் விதிப்படி அதைச் சொல்லிவிடுங்கள்.

மதிப்பாய்வு செய்கிறவருக்கு உங்கள் பெயர் தெரியக் கூடாது, உங்களுக்கு அவர் பெயர் தெரியக் கூடாது என்பது பல இதழ்களின் விதி. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு, வேர்டு கோப்பின் பண்புகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘நான் முன்பு எழுதியதைப் போல’ என்று அடிக்குறிப்பில் இருக்கிறது. நன்றியுரையில் வழிகாட்டியின் பெயரும் துறையும் நிற்கின்றன. அனுப்புவதற்கு முந்தின நாள் இந்த மூன்று இடத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு சிறிய ஊர்க் கல்லூரியின் மாணவி எழுதியது, பெரிய தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் எழுதியது என்ற வேறுபாடு இல்லாமல் படிக்கப்படுவதற்கு இருக்கிற ஒரே வழி இது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

கட்டுரையாளர் பெயர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். எழுதாதவர் பெயர் மேலே வரக் கூடாது. வழிகாட்டி என்ற ஒரே காரணத்துக்காக முதல் பெயராகத் தன்னைப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; மாணவர் மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்தே கேட்கிறார்கள். அடுத்தவர் உரிமையைப் பற்றி எழுதும் கட்டுரையில் இது நடப்பது எனக்குச் சகிக்கவில்லை. முடிந்தவரை, எழுதத் தொடங்கும்போதே யார் என்ன செய்கிறோம், பெயர் வரிசை எப்படி என்று ஒரு மின்னஞ்சலில் பேசி முடித்துவிடுங்கள். உங்களை ஊருக்குள் கூட்டிப்போன சங்கத்துக்காரரையும், சாட்சியத்தை மொழிபெயர்த்தவரையும், அவர்கள் சம்மதித்தால், நன்றியில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

‘48 மணி நேரத்தில் பிரசுரம், சான்றிதழ் உண்டு, கட்டணம் இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிக்காமல் அச்சிடுகிற இடத்தில் நீங்கள் எழுதிய மனிதரின் கதை குப்பையோடு குப்பையாகப் போகும். திறந்த அணுக்கத்துக்குக் கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. அவை முதலில் மதிப்பாய்வு செய்கின்றன, பணம் பிறகு வருகிறது, வசதியில்லாத நாட்டினருக்குத் தள்ளுபடியும் பல இடங்களில் உண்டு. தரமான இதழ்கள் எவை என்று காட்ட யூஜிசி-யின் கேர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. 2025-இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். இனி இதழைச் சோதிக்கும் வேலை உங்களுடையது. ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவரே அந்த இதழைத் தன் பொறுப்பாகக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிராகரிப்பு வரும். மதிப்பாய்வுக்கே போகாமல் ஆசிரியர் மேசையிலிருந்து திரும்புவதும் சாதாரணம். அதில் காரணம் ஒரு வரியாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த இதழுக்குத் தயாராகுங்கள். திருத்தி அனுப்பச் சொல்லி வந்தால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாட்சிகளைப் பற்றி இன்னும் விவரம் கொடுங்கள் என்று கேட்டால், கொடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும், சட்டம் தடுக்கிறது, அதனால் கொடுக்க முடியாது என்று பணிவாக, பிரிவு எண்ணோடு எழுதுங்கள். நல்ல ஆசிரியர் அதை மதிப்பார். அச்சில் வருவதற்காக அந்த விவரத்தை விட்டுக்கொடுக்கும்படி எந்த இதழ் கேட்டாலும், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்புரிமைப் படிவம் ஒன்று வரும். சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். அதில், ஏற்கப்பட்ட வடிவத்தை உங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் வைக்கலாமா, எத்தனை மாதம் கழித்து என்று இருக்கும். மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்றும் இருக்கும். தமிழில் வெளியிட அனுமதி வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்னாலேயே எழுதிக் கேளுங்கள். கேட்டால் பல இதழ்கள் கொடுத்துவிடுகின்றன. கிடைத்ததும், சட்டச் சொற்களைக் குறைத்து, நாலைந்து பக்கத்தில் தமிழில் எழுதி அச்சடித்துக்கொண்டு, நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் ஊருக்குப் போங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஏதாவது தவறு சுட்டிக்காட்டினால் குறித்துக்கொண்டு வந்து, இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்புங்கள். அதற்கும் அந்த இதழ்களில் இடம் உண்டு.